அடுப்பில் இருக்கும் எண் ஆண்டு அல்ல: பழைய வார்ப்பிரும்பு அடுப்பை இனங்காணும் வழி

கேள்வி: பழைய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மேலே ஆறு வட்ட மூடிகள், உடலுக்குள் ஓவன், விளிம்புகளில் மங்கிப்போன நிக்கல் பட்டைகள். ஓவன் கதவில் ‘8-18’ என்று பெரிதாக வார்த்திருக்கிறது. பின்புறம் துருவுக்கு அடியில் ‘ஏப்ரல்... 1889’ என்று ஆங்கிலத்தில் ஒரு காப்புரிமைத் தேதி, நாள் அழிந்துவிட்டது. பெயரில் பாதிதான் தெரிகிறது. இது 1818-ல் செய்ததா, 1889-ல் செய்ததா? செய்தவர் யார்? அசலா, நகலா?

பதில்: அநேகமாக இரண்டு ஆண்டுமே இல்லை. 8-18 என்பது அளவு. 1889 என்பது, இந்த அடுப்பு அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டும் சொல்கிறது. எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. பழைய அடுப்புகளின் வயதைத் தவறாகக் கணிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வர வேண்டாம். எழுத்து, எரிபொருள் அமைப்பு, அலங்காரம், போல்ட்டுகள், வார்ப்பின் தரம் என எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்து, அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள். அவற்றில் மிகப் பிந்தைய காலத்தைச் சொல்லும் தடயம் எதுவோ, அதுவே அடுப்பின் வயதைத் தீர்மானிக்கும்.

தேய்ப்பதற்கு முன்னால் படியுங்கள். மணல் பீச்சித் துருவை அகற்றக் கொடுத்துவிட்டால் மெல்லிய எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிடும், நிக்கல் பட்டையும் பாழாகும். மென்மையான பித்தளைக் கம்பித் தூரிகையும் துணியும் போதும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்புக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகளின் நிழல் நீண்டு விழும்; நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து அப்போது தெரியும். அதுவும் போதாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கைபேசியில் ஒரே இடத்தை நான்கு திசையிலிருந்து ஒளி விழும்படி நான்கு படம் எடுத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் துருவின் மேடுபள்ளம் ஒளி மாறினால் உருமாறும், எழுத்தின் கோடு மாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கதவின் ஓரத்தில் இருக்கும் வெளுத்த கயிறு, ஓவனைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற அட்டை, இணைப்புகளில் பூசிய வெண்சாந்து ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், தூசு நுரையீரலைக் கெடுக்கும் இழைப்பொருள்) இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, கம்பித் தூரிகை போடவோ, காற்று அடிக்கவோ கூடாது. எழுத்தைப் படிக்க அவற்றைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, சோதனைக்கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்த பிறகு தொடருங்கள். கதவின் சிறு ஜன்னல்களில் இருக்கும் மஞ்சள் கலந்த ஏடு மைக்கா. அதைக் கல்நார் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், எறிந்துவிடவும் வேண்டாம்.

எழுத்து எங்கெல்லாம் இருக்கும்? முன்கதவிலும் ஓவன் கதவிலும் இருப்பது பெரும்பாலும் மாடலின் பெயர். செய்தவர் பெயரும் ஊரும் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும்: கதவுகளின் உட்புறம், மூடிகளின் அடிப்பக்கம், சாம்பல் கதவின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முன்தட்டு, புகைக்குழாய் பொருந்தும் கழுத்தைச் சுற்றி, பின்பலகை, கழற்றக்கூடிய நிக்கல் பட்டைகளின் பின்பக்கம். இவை அனைத்தையும் பார்த்துவிட்டுத்தான் பெயரே இல்லை என்று சொல்லலாம். ஊர்ப் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியும் ட்ராயும் அடுப்பு வார்ப்பின் பெரிய மையங்கள். நூற்றாண்டின் இறுதிக்குள் டெட்ராய்ட் முன்னுக்கு வந்தது.

மாடல் பெயருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தால் பாதி அழிந்த சொல்லையும் முழுமையாக்கலாம். ‘கார்லண்ட்’ என்றால் டெட்ராய்ட்டின் மிஷிகன் ஸ்டவ் கம்பெனி. ‘க்ளென்வுட்’ என்றால் மாசசூசெட்ஸ் மாநிலம் டான்டனில் இருந்த வீர் ஸ்டவ் கம்பெனி. ‘க்ராஃபோர்டு’ பாஸ்டனின் வாக்கர் அண்ட் ப்ராட். ‘ஓக்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். மிஷிகனின் டோவாஜியாக் ஊரில் பி.டி. பெக்வித் உருவாக்கிய, அறையைச் சூடாக்கும் ‘ரவுண்ட் ஓக்’ கணப்பு அடுப்பு அவ்வளவு புகழ்பெற்றதால், பிற வார்ப்பகங்கள் தங்கள் உருளை வடிவக் கணப்புகளுக்கும் ஏதாவது ஓர் அடைமொழியோடு ‘ஓக்’ என்று பெயர் வைத்தன. அந்தச் சொல் தனியாக இருந்தால் அடுப்பின் வகையைச் சொல்லும், செய்தவரைச் சொல்லாது. அசல் ரவுண்ட் ஓக்கிலேயே ஒரு நல்ல தடயம் உண்டு: பெக்வித் 1889-ல் இறந்த பிறகுதான் ‘எஸ்டேட் ஆஃப் பி.டி. பெக்வித்’ என்ற வாசகம் வந்தது. அந்த வாசகம் இருந்தால் அடுப்பு அதற்குப் பிந்தையது. இன்னொரு பொறி: சியர்ஸ் ரோபக், மான்ட்கோமரி வார்டு போன்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் அடுப்பு விற்றன. கதவில் இருக்கும் பெயர் விற்றவருடையதாக இருக்கலாம், வார்த்தவருடையதாக இல்லாமல் போகலாம்.

இனி 8-18. சமையல் அடுப்பில் முதல் எண் மேலே உள்ள வட்ட மூடியின் அளவு: எண் 7, 8, 9 என்றால் ஏறக்குறைய அத்தனை அங்குல விட்டம். அந்தக் காலத்து எண் 8 வாணலி எண் 8 துளையில் அடி பொருந்தி உட்காரும்படிதான் வார்க்கப்பட்டது. இரண்டாவது எண் ஓவனின் உள் அகலம், அங்குலத்தில். ஆகவே 8-18 என்பது 8 அங்குல மூடி, 18 அங்குல ஓவன். அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள்: மூடி 20 சென்டிமீட்டரை ஒட்டியும் ஓவன் 45 அல்லது 46 சென்டிமீட்டரும் வந்தால் சந்தேகமே இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் கூடும், குறையும். உருளை வடிவக் கணப்புகளில் 14, 16, 18 போன்ற எண்கள் நெருப்புத் தொட்டியின் விட்டத்தைக் குறிக்கும். சிறு பாகங்களில் எழுத்தும் எண்ணுமாக இருப்பவை வார்ப்பு மாதிரியின் (மணலில் பதித்து அச்சு எடுக்கும் மூலவடிவத்தின்) எண்கள். உடைந்த பாகத்துக்கு மாற்றுத் தேடுவோர் கேட்பது இவற்றைத்தான், எனவே ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அடுப்பின் பாகங்களில் இந்த எண்கள் ஒரே பாணியில் தொடராமல், ஒரு கதவு மட்டும் வேறு வரிசையில் இருந்தால் அது வேறோர் அடுப்பிலிருந்து வந்து சேர்ந்தது.

நான்கு இலக்க எண்ணே இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். டென்மார்க்கின் மோர்சோ, நார்வேயின் யோட்டுல் இரண்டும் 1853-ல் தொடங்கியவை, நெடுங்காலம் அடுப்பு வார்த்து வந்தவை. மோர்சோவின் 1440 ஒரு மாடல் எண்; யோட்டுலின் 118, 602 ஆகியவையும் அப்படியே. நிறுவனம் தொடங்கிய ஆண்டைப் பெருமைக்காகப் பெயரோடு சேர்த்துப் பொறிப்பவர்களும் உண்டு. ஆண்டை ஆண்டாகவே நம்பத் தகுந்த வகை ஒன்றுதான்: 18-ஆம் நூற்றாண்டின் தட்டு அடுப்புகள் (வார்த்த தட்டுகளைப் பெட்டிபோல் இணைத்தவை). பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களுக்காக வார்த்த ஐந்து தட்டு அடுப்புகளில் பைபிள் காட்சியும் ஆண்டும் தட்டிலேயே இருப்பதுண்டு. டென்மார்க்-நார்வே அரசின் காலத்து நார்வே அடுப்புகளில் அரசரின் முத்திரை எழுத்து இருக்கும்: ‘எஃப் 5’ என்றால் ஐந்தாம் ஃப்ரெடரிக், 1746 முதல் 1766 வரை, ‘சி 7’ என்றால் ஏழாம் கிறிஸ்டியன், 1766 முதல் 1808 வரை. அங்கேயும்கூட பழைய மர மாதிரியைப் பிற்காலத்தில் மறுபடி வார்த்திருக்க வாய்ப்பு உண்டு.

காப்புரிமைத் தேதிக்கு வருவோம்; உங்கள் அடுப்பில் மிக வளமான தடயம் இதுதான். அமெரிக்கச் சட்டம் 1842 முதல் காப்புரிமை பெற்ற பொருளில் தேதியைக் குறிக்கச் சொன்னது. தேதிக்குப் பதிலாகக் காப்புரிமை எண்ணைப் பொறிக்க வேண்டும் என்ற விதி 1927-ல் வந்தது. ஆகவே தேதி மட்டும் இருந்தால் 1927-க்கு முந்தைய வழக்கம் என்று பொதுவாகக் கொள்ளலாம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து காப்புரிமைகளைச் செவ்வாய்க்கிழமைகளில் வெளியிட்டு வருகிறது. இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: 1889 ஏப்ரலில் செவ்வாய்க்கிழமைகள் 2, 9, 16, 23, 30. அழிந்த நாள் இந்த ஐந்தில் ஒன்று. முதல் இலக்கம் எது என்று தெரிந்தால் ஐந்து ஒன்றாகவோ இரண்டாகவோ குறைந்துவிடும். அந்தத் தேதிகளில் ‘ஸ்டவ்’, ‘ரேஞ்ச்’, ‘ஓவன் டோர்’, ‘க்ரேட்’ போன்ற தலைப்புகளில் வெளியான காப்புரிமைகளை இணையக் காப்புரிமைத் தேடலில் பாருங்கள். அந்தக் காலத்து ஆவணங்களைக் கணினி பிழையோடு படித்திருக்கும். சொல்லால் தேடினால் பல சமயம் அகப்படாது. தேதியாலும் வகைப்பாட்டாலும் வடிகட்டி, வரைபடங்களைக் கண்ணால் பார்ப்பதே பலன் தரும்.

எந்த வகைக் காப்புரிமை என்பதும் முக்கியம். கண்டுபிடிப்புக்கான காப்புரிமை என்றால் ஒரு தட்டியோ (எரிபொருளைத் தாங்கும் இரும்புச் சட்டம்) தாழ்ப்பாளோ மட்டும் அதில் இருக்கும். அதே தட்டியைப் பல வார்ப்பகங்கள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தியிருக்கலாம். வடிவமைப்புக் காப்புரிமை என்றால் அடுப்பின் தோற்றமே வரையப்பட்டிருக்கும். அது கிடைத்துவிட்டால் இலைக்கொடி வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்யலாம். இந்த வடிவமைப்புக் காப்புரிமை முறை 1842-ல் தொடங்கியது, அடுப்புக்காரர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள்.

ஓர் அடுப்பில் பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியை மட்டும் கணக்கில் எடுங்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பாகம் வார்க்கப்பட்டிருக்கும். மேல் எல்லையைச் சொல்வது கடினம். 1861-க்குப் பிறகு கண்டுபிடிப்புக் காப்புரிமை 17 ஆண்டு நீடித்தது. உங்களுடையது அந்த வகை என்றால் 1906 வரை செல்லும். காலம் முடிந்த பிறகும் வார்ப்பகம் அதே மாதிரியை மணலில் பதித்துக்கொண்டே இருந்திருக்கலாம், தேதியை மட்டும் அகற்ற யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். 1836-க்கு முந்தைய தேதி தென்பட்டால் ஆவணம் கிடைப்பது அரிது. அந்த ஆண்டு டிசம்பரில் காப்புரிமை அலுவலகம் எரிந்தபோது ஏறக்குறைய 10,000 காப்புரிமைகளின் பதிவுகள் போய்விட்டன. ஒரு பகுதிதான் மீட்கப்பட்டது.

பிரிட்டனில் வார்த்த அடுப்பு என்றால் தடயங்கள் வேறு. 1842 முதல் 1883 வரை சாய்சதுர வடிவில் ஒரு வடிவமைப்புப் பதிவு முத்திரை இருக்கும். உச்சியின் சிறு வட்டத்தில் ரோமானிய எண் 1 இருந்தால் உலோகப் பொருள். நான்கு மூலைகளில் உள்ள எழுத்துகளும் எண்களும் ஆண்டு, மாதம், நாள், பதிவுக்கட்டு எண். இங்கே கவனம் தேவை. 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். அதே எழுத்துகள் இரண்டு சுற்றிலும் வருவதால் மூலையைப் பார்க்காமல் படித்தால் 26 ஆண்டு தவறிவிடும். 1884 முதல் சாய்சதுரம் போய் வெறும் பதிவு எண் வந்தது, ஒன்றிலிருந்து தொடங்கி. 1900 தொடக்கத்தில் அது மூன்றரை லட்சத்தை எட்டியிருந்தது. பிரிட்டிஷ் காப்புரிமை எண் 1852 முதல் 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கியது, எனவே ஆண்டு இல்லாத எண்ணால் பயனில்லை. 1916 முதல் தொடர் எண், 100,001-லிருந்து. பிரெஞ்சு அடுப்பில் ‘எஸ்.ஜி.டி.ஜி.’ (அரசின் உத்தரவாதம் இல்லாத காப்புரிமை) என்ற நான்கெழுத்து 1844 முதல் 1968 வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். ஜெர்மனியின் ‘டி.ஆர்.பி.’ (பேரரசின் காப்புரிமை) 1877-க்கும், ‘டி.ஆர்.ஜி.எம்.’ (பதிவு செய்த பயன்பாட்டு வடிவம்) 1891-க்கும் பிந்தையவை.

பெயரும் தேதியும் சொல்வதை உடலமைப்பு ஒப்புக்கொள்கிறதா என்று இப்போது சரிபாருங்கள். விறகு அடுப்பின் நெருப்பறை நீளமாக, அடி தட்டையாக இருக்கும். தட்டி இருந்தாலும் எளிமையானது. நிலக்கரி அடுப்பில் ஆழமான தொட்டி, தீச்செங்கல் உட்சுவர், கைப்பிடி மாட்டி ஆட்டக்கூடிய கனத்த தட்டி, கீழே சாம்பல் பெட்டி இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கட்டை அந்தக் கைப்பிடிக்கானது. காணாமல் போகும் முதல் பாகமும் அதுதான். மைக்கா ஜன்னல் வரிசையாகச் சுற்றி நிற்கும் உயரமான கணப்பு என்றால், மேலிருந்து தானாகக் கரி இறங்கும் ஆந்த்ரசைட் (கடினமான நிலக்கரி) அடுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் விறகு எரிக்கக் கூடாது. அதன் காற்றோட்டமும் கரி கொள்ளும் அறையும் விறகுக்கு ஏற்றவையல்ல.

அலங்காரமும் காலம் சொல்லும், ஆனால் அகலமான பட்டைகளாகத்தான். அமெரிக்க அடுப்புகளில் 1830-கள், 1840-களில் தூண்களும் கோதிக் வளைவுகளும்; நூற்றாண்டின் நடுவில் பூங்கொத்தும் சுருள் இலையும்; 1870-கள், 1880-களில் நேர்கோடும் கட்டமும்; 1890 முதல் 1910 வரை மறுபடி சுருள்கள், தாராளமான நிக்கல். பிறகு, துடைக்க எளிதான வெற்றுப் பரப்பு. 1920-களில் சாம்பல், பச்சை, கிரீம் நிற எனாமல் பரவலாகியது. எனாமலை வைத்து ஐரோப்பிய அடுப்பைக் கணிக்க வேண்டாம். பிரான்சில் கோதான் வார்ப்பகம் 19-ஆம் நூற்றாண்டிலேயே எனாமல் பூசிய அடுப்புகளை விற்றது. உங்கள் அடுப்பில் ஆறு மூடியும், 18 அங்குல ஓவனும், நிக்கல் பட்டையும் சேர்ந்து இருக்கின்றன. 1889 தேதியோடு இவை பொருந்துகின்றன. 1890-களிலோ 1900-களின் முதற்பகுதியிலோ வார்த்தது என்பது என் கணிப்பு. ஓவன் கதவில் வெப்பமானி இருந்தால், அல்லது அதற்கென வார்த்த வட்டத் துளை இருந்தால், அந்தக் கணிப்பை 1900 பக்கம் நகர்த்துங்கள்.

அசலா நகலா என்பதற்கு வார்ப்பின் தரத்தைப் பாருங்கள். நல்ல 19-ஆம் நூற்றாண்டு வார்ப்பு மெல்லியது, விளிம்பு கூர்மையானது, இலையின் நரம்பு விரலுக்குத் தட்டுப்படும், பாகங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தும். அந்தக் காலத்து மாதிரி செதுக்குவோரின் கைத்திறன் இன்றைக்கும் வியக்க வைப்பது, அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நகல் உடனே பிடிபடும். நகலில் பரப்பு மணல்மணலாக இருக்கும், பூ வேலை மழுங்கியிருக்கும், ஓரங்களில் சாணை இயந்திரத்தின் வளைகோடுகள் தெரியும். தட்டையான ஒற்றைக் கோடு வெட்டிய போல்ட்டும் சதுர நட்டும் பழையவற்றுக்கு இயல்பு. சிலுவைத் தலைத் திருகு 1930-களுக்குப் பிந்தையது. ஒரு திருகு மாற்றப்பட்டிருக்கலாம். எல்லாமே சிலுவைத் தலை என்றால், திருகுத் துளைகளின் மரையும் மெட்ரிக் அளவில் இருந்தால், அடுப்பே புதியது.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், ஓர் அடிக்கு எட்டில் ஒரு அங்குலம். மாதிரி செய்பவர் இதற்காகவே மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்வார். பழைய பாகத்தையே மாதிரியாக மணலில் பதித்து நகல் எடுத்தால் அந்தக் கூடுதல் அளவு இருக்காது: 300 மில்லிமீட்டர் கதவு 297 ஆகிவிடும். அதனால்தான் நகல் கதவுகள் சட்டத்தில் ஆடுகின்றன. ஒரு கதவு மட்டும் அப்படி ஆடினால் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விறகு அடுப்புக்கு மறுபடி மவுசு வந்தபோது தைவானிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பழைய பாணிப் பெட்டி அடுப்புகளும் தொப்பை அடுப்புகளும் ஏராளமாக இறக்குமதியாயின. அவற்றுக்கும் இப்போது நல்ல துரு ஏறிவிட்டது. துரு வயதுக்குச் சான்றே அல்ல, ஈரத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்தாலே போதும்.

கனத்தை நம்பியும் ஏமாற வேண்டாம், காந்தமும் உதவாது. எஃகுத் தகடும் வார்ப்பிரும்பும் இரண்டுமே ஒட்டும். விரல்முட்டியாலோ சிறு மரக்கட்டையாலோ தட்டிப் பாருங்கள். முழுத் தட்டு மணிபோல் நீள ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று அடங்கிவிடும். தட்டும் முன் பாகத்தைக் கழற்றித் தொங்கவிடுவது முக்கியம், போல்ட்டில் இறுகியிருந்தால் நல்ல தட்டும் ஒலிக்காது. விரிசல் அதிகம் வரும் இடங்கள்: நெருப்பறைக்கு அடுத்த ஓவன் சுவர், மூடிகளுக்கு நடுவே உள்ள பாலங்கள், கதவின் கீல் அடி. பாலம் வளைந்திருந்தால் மாற்றிவிடலாம். நெருப்பறைச் சுவரில் ஊடுருவும் விரிசல் இருந்தால், அதைச் சீராக்கும்வரை தீ மூட்ட வேண்டாம், புகை அறைக்குள் வரும். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் செய்தால் ஆறும்போது பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். பாகத்தை முன்கூட்டியே சூடாக்கி நிக்கல் கம்பியாலோ பித்தளையாலோ ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெயரை முழுமையாக்க முடியவில்லை என்றால் விவரம் தெரிந்த சேகரிப்பாளரிடமோ அருங்காட்சியகத்திடமோ கேட்கலாம். முன், பின், இரு பக்கம், மேல், எல்லாக் கதவும் திறந்த நிலை, நெருப்பறையின் உட்புறம், தட்டி, அடிப்பக்கம் என்று படம் எடுங்கள். உயரம், அகலம், ஆழம், மூடியின் விட்டம், ஓவனின் மூன்று அளவு, புகைக்குழாய்க் கழுத்தின் விட்டம், அது வட்டமா நீள்வட்டமா என்பது, எல்லாப் பாக எண்களும் எழுதுங்கள். எழுத்தை நீங்கள் ஊகித்த வடிவில் எழுதாமல், தெரியும் எழுத்தை எழுத்தாகவும் தெரியாததைக் கோடாகவும் எழுதுங்கள். தவறாக ஊகித்த ஒரே ஓர் எழுத்து தேடுபவரை வேறு ஊருக்கே கொண்டுபோய்விடும்.